முந்நூற்றுப் பன்னிரண்டு ஃபைல்கள்

என் புரோகிராம் ஒரு நாள் பதினேழாவது ஃபைலில் விழும். மறுநாள் நாற்பத்தோராவதில் விழும். அதற்கடுத்த நாள் ஒன்பதாவதிலேயே படுத்துவிடும். விழுவதற்கு முன்னால் ஒரு முனகல்கூடக் கிடையாது. திரையில் கடைசியாக மெமரி பிழை என்று ஒரு வரி வரும், அதன் கீழே பதினாறு இலக்கத்தில் ஒரு முகவரி. அந்த முகவரியை வைத்துக்கொண்டு தபால்காரரே வந்தாலும் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

எங்களுடையது நில அதிர்வுகளைப் பதிவுசெய்யும் ஆய்வகம். தரைக்கடியில் கருவிகளைப் புதைத்து வைத்திருக்கிறோம். ஒரு நாள் முழுக்க அவை கேட்டதெல்லாம் ஒரு ஃபைலில் வந்து சேரும். ஒவ்வொரு அதிர்வும் அதில் ஒரு ஆப்ஜெக்ட். எப்போது வந்தது, எங்கே வந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, அலை எப்படி ஏறி இறங்கியது, எல்லாம் அதற்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கும். ஒரு ஃபைலில் இருபதாயிரத்துக்குக் குறையாது. அதில் முக்கால்வாசி லாரி. மீதியில் பாதி, பக்கத்துக் கட்டடத்தில் யாரோ துணி துவைக்கும் மெஷின். உண்மையில் பூமி அசைந்தது எது, மனிதன் அசைத்தது எது என்று பிரிப்பதுதான் என் புரோகிராமின் வேலை. லூப் போட்டு ஒவ்வொரு ஆப்ஜெக்டாக எடுக்கும், பார்க்கும், கணக்கில் சேர்க்கும், விடும், அடுத்ததை எடுக்கும்.

ஒவ்வொரு நாளுக்கும் தனியாக ஓட்டியவரை அது ஒரு தடவைகூட விழுந்ததில்லை. இரண்டு மாதங்களுக்கு முன்னால் எங்கள் இயக்குநர், முந்நூற்றுப் பன்னிரண்டு நாள் ஃபைல்களையும் ஒரே ஓட்டத்தில் முடித்துக் கொடுக்கச் சொன்னார். அன்றைக்குப் பிடித்தது சனி. இயக்குநருக்கு நாங்கள் வைத்த பெயர் மணிக்கூண்டு. ஆறரை அடி உயரம், யாரைப் பார்த்தாலும் மணி என்ன ஆச்சு என்றுதான் ஆரம்பிப்பார்.

அதோடு இன்னொன்றும் சொன்னார். தரவுப் பிரிவுக்கு ஒரே ஒரு நிரந்தர வேலை அனுமதியாகியிருக்கிறது. இரண்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குக் கூட்டம், அன்றைக்கு முடிவு. ஏழு வருடமாக நான் ஒப்பந்தத்தில் இருக்கிறேன். வருடா வருடம் ஒரு கடிதம் வரும், கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த வருடம்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன். இந்தத் தடவை கடிதம் வராது என்று சொல்லிவிட்டார்கள். அந்த வேலை கிடைத்தால் இருக்கலாம், இல்லாவிட்டால் மாதக் கடைசியோடு மூட்டை கட்டவேண்டியதுதான்.

போட்டிக்கு இருந்தது இரண்டே பேர். நானும் என் நாத்தனாரும்.

என் கணவரின் தங்கை. மூன்று வருடங்களுக்கு முன்னால் கல்யாணம் முறிந்து, இரண்டு வயதுப் பெண் குழந்தையோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். ஒரு வருடம் என் அலமாரியில் பாதி அவளுடைய துணிதான். இயற்பியல் படித்தவள், கெட்டிக்காரி, வீட்டில் உட்கார்ந்தால் மனது கெட்டுவிடும் என்று மணிக்கூண்டிடம் நான்தான் கெஞ்சிக் கூத்தாடி அவளுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தேன். இப்போது இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறாள். மதியச் சாப்பாடு இருவருக்கும் ஒரே டப்பாவில்தான். கருவிகள் எவ்வளவு இரைச்சல் போடுகின்றன என்று அளப்பது அவளுடைய புரோகிராம். ஆனால் ஃபைலிலிருந்து ஆப்ஜெக்டை எடுத்துக் கொடுக்கும் பகுதி இரண்டு பேருக்கும் பொது. அதை எழுதியவள் நான்.

"யாருக்குக் கிடைச்சாலும் நம்ம வீட்டுக்குத்தானே அண்ணி" என்றாள், அறிவிப்பு வந்த அன்று. எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன மனசு என்று வீட்டில் போய்ச் சொன்னேன்.

என் புரோகிராம் விழ ஆரம்பித்ததும் அவளிடம்தான் முதலில் போனேன்.

"எனக்கும் விழுது அண்ணி" என்றாள். "நீங்க கண்டுபிடிச்சா எனக்கும் சேர்த்துச் சரியாயிடும்."

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். லூப்புக்குள் எத்தனையாவது ஆப்ஜெக்ட் என்று பிரிண்ட் போட்டுப் பார்த்தால் விழாது, சாதுவாக அறுபது ஃபைல்வரை ஓடும். பிரிண்டை எடுத்தால் ஆறாவதில் விழும். டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் இறங்கிவிடும் குழந்தை மாதிரி. மெமரியைச் சோதிக்கும் கருவி ஒன்று உண்டு, அதைப் போட்டால் புரோகிராம் இருபது மடங்கு மெதுவாகிவிடும். அதனால் ஒரே ஒரு ஃபைலைக் கொடுத்துச் சோதித்தேன். ஒரு குறையும் இல்லை என்று நற்சான்றிதழ் கொடுத்தது. இரண்டு ஃபைல் கொடுத்திருந்தால் அன்றைக்கே அகப்பட்டிருக்கும். அந்த முட்டாள்தனம் என்னுடையது, அதற்கு வேறு யாரையும் குற்றம் சொல்ல மாட்டேன்.

காலையில் எழுந்ததும் பல் தேய்ப்பதற்கு முன்னால் மடிக்கணினியைத் திறந்து, ராத்திரி ஓடவிட்டது என்ன ஆனது என்று பார்ப்பேன். என் கணவர் காப்பி போட்டு எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்காருவார். ஒரு மருத்துவமனை மருந்துக்கடையில் மருந்தாளுநர் அவர், எட்டு மணிக்குள் கிளம்பவேண்டும். ஆனாலும் உட்காருவார்.

"ஓடுச்சா?"

"விழுந்துடுச்சு."

"எத்தனையாவதுல?"

"இருபத்தி மூணு."

"பரவால்ல விடு, நாளைக்கு ஓடும்" என்று என் பின்கழுத்தைப் பிடித்துவிடுவார். நான் எழுதும் கோட் என்றால் அவருக்குக் கோட்டு சூட்டுதான் தெரியும். ஆனாலும் ஃபைல் நம்பரை மட்டும் தவறாமல் கேட்பார். என் கூடவே விழுந்து எழுகிற ஒரு ஆள் இருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

வியாழக்கிழமை மதியம்வரை இப்படித்தான். மறுநாள் கூட்டம். என் புரோகிராம் அன்று காலை முப்பதாவதில் விழுந்திருந்தது. நாங்கள் எல்லாரும் ஓட்டும் சர்வரில் யாராவது மெமரியை அடைத்துக்கொண்டிருக்கிறார்களா என்று பார்ப்பதற்காக, ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களின் பட்டியலைத் திறந்தேன். மூன்றாவது வரியில் நாத்தனாரின் புரோகிராம் இருந்தது. ஒன்பது மணி நேரமாக ஓடிக்கொண்டிருந்தது. இருநூற்றுத் தொண்ணூற்று நான்காவது ஃபைல்.

முதலில் சந்தோஷம்தான் வந்தது, சத்தியமாக. இவளுக்கு ஓடுகிறதே, எப்படி, ஓடிப்போய்க் கேட்போம் என்று நாற்காலியை விட்டு எழுந்தேன். அவள் இடத்தில் இல்லை. எங்கள் ஆய்வகத்தில் எல்லாருடைய புரோகிராமும் சர்வரில் திறந்துதான் கிடக்கும். ஆனால் அடுத்தவர் பிரதியைக் கேட்காமல் யாரும் திறப்பதில்லை, அது ஒரு மரியாதை. ஏழு வருடத்தில் முதல் தடவையாக அந்த மரியாதையை மீறினேன்.

பொதுப் பகுதியை அவள் தன் பிரதியில் திருத்தி வைத்திருந்தாள். ஒரே ஒரு வரிதான் மாறியிருந்தது. லூப்பில் ஆப்ஜெக்டைப் பார்த்து முடித்ததும் நான் அதை டெலீட் செய்வேன். அந்த வரியை எடுத்திருந்தாள். அந்த இடத்தில் ஒரு குறிப்பு.

'ஃபைல் கொடுத்த ஆப்ஜெக்ட் ஃபைலுக்கே சொந்தம், மூடும்போது அதுவே டெலீட் செய்துகொள்ளும். நாம் செய்யக் கூடாது. அண்ணி லூப்பிலும் இதேதான் பிரச்சினை.'

தப்பு எங்கிருந்து வந்தது என்று உடனே விளங்கிவிட்டது. எங்கள் தேநீர் அறையில் கழுவுதொட்டிக்கு மேலே ஒரு அட்டை தொங்கும், 'எடுத்தவரே கழுவி வைக்கவும்' என்று. மணிக்கூண்டு அதையே கோட் எழுதும் விதிகளிலும் முதல் விதியாகப் போட்டுவிட்டார். மெமரியில் ஒன்றை எடுத்தவர்தான் அதை டெலீட் செய்யவேண்டும். நானும் சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளையாக, எடுத்ததையெல்லாம் டெலீட் செய்தேன். ஃபைலுக்கோ நான் டெலீட் செய்தது தெரியாது. மூடும்போது தன் பட்டியலைப் பார்த்து அதே இடங்களை இன்னொரு தடவை துடைக்கும். அந்த இடம் காலியாக இருந்தால் பிழைத்தோம். அதற்குள் வேறு எதுவாவது அங்கே குடியேறியிருந்தால் அதையும் சேர்த்துத் துடைத்துவிடும். அப்புறம் எங்கே, எப்போது விழும் என்று யாரால் சொல்ல முடியும்? ஒரே ஃபைல் ஓட்டும்போது மூடுகிற வேலையே வராது, அப்படியே முடிந்துவிடும். அதனால்தான் மெமரி சோதிக்கும் கருவி எனக்கு நற்சான்றிதழ் கொடுத்தது.

குறிப்பின் தேதியைப் பார்த்தேன். விரல் விட்டு எண்ணினேன். நம்பிக்கை இல்லாமல் நாள்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டு இன்னொரு தடவை எண்ணினேன். நாற்பத்து மூன்று நாள்.

நாற்பத்து மூன்று நாளும் ஒரே டப்பாவில் சாப்பிட்டிருக்கிறோம். முந்தாநாள்கூட, இன்னும் விழுகிறதா என்று கேட்டதற்கு, ஆமாம் அண்ணி, தலையைப் பிச்சுக்கலாம்போல இருக்கு என்று சொல்லி என் காதில் பூ சுற்றியிருக்கிறாள். நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கழுத்தை அறுத்தவள் நடுநடுவே வலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டும் இருப்பாள் என்று யாரும் சொல்லவில்லை.

மாடிப்படியில் வைத்துப் பிடித்தேன். குழந்தையின் பள்ளிக்கூடத்துக்கு ஃபோன் பேசிவிட்டு மேலே வந்துகொண்டிருந்தாள்.

"உன் பிரதியைத் திறந்து பார்த்தேன்" என்றேன்.

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"எனக்கும் விழுதுன்னு சொன்னியே."

"சொன்னேன்."

"என் லூப்லயும் அதுதான் பிரச்சினைன்னு எழுதி வேற வச்சிருக்க. எழுதத் தெரியுது, சொல்லத் தெரியலையா?"

"அண்ணி, ஒரே ஒரு வேலைதான் இருக்கு." அழவில்லை. அழுதிருந்தால் கொஞ்சம் இளகியிருப்பேன். "உங்க புரோகிராம் ஓடிட்டா உங்களுக்குத்தான் கொடுப்பாங்க. எனக்கு மூணு வருஷம், உங்களுக்கு ஏழு. பாப்பாவ வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?"

"வாய் விட்டுக் கேட்டிருந்தா விட்டுக் கொடுத்திருப்பேனே."

"கொடுத்திருப்பீங்களா?"

விட்டுக் கொடுத்திருக்க மாட்டேன் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனால் சண்டை போட்டிருப்பேன், முகத்துக்கு நேராகப் போட்டிருப்பேன். முதுகுக்குப் பின்னால் ஒன்றும் செய்திருக்க மாட்டேன். அதைச் சொல்லாமலே இறங்கி வந்துவிட்டேன்.

அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு ஓடவிட்டேன். வீட்டில் எதுவும் சொல்லவில்லை. கணவரிடம் அவர் தங்கையைப் பற்றி எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. தாங்க மாட்டார் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை முடியட்டும், பக்குவமாகச் சொல்லலாம் என்று இருந்தேன். காலையில் மடிக்கணினியைத் திறந்தால் முந்நூற்றுப் பன்னிரண்டும் முடிந்து, பிரித்த பட்டியல் அழகாக வந்து உட்கார்ந்திருந்தது. இரண்டு மாதமாக இந்த ஒரு காட்சிக்காகத்தான் ஏங்கினேன். வந்தபோது பச்சைத் தண்ணீர் குடித்த மாதிரி இருந்தது.

"ஓடுச்சா?" என்றார் கணவர், காப்பியோடு.

"ஓடுச்சு."

தம்ளரைக் கீழே வைத்தார். "முழுசாவா?"

"முழுசா."

நல்லது என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். கடைக்கு நேரமாகிவிட்டது போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

கூட்டத்தில் நாங்கள் இருவர், மணிக்கூண்டு, நிர்வாகத்திலிருந்து வந்த ஒரு அம்மாள். நாத்தனார் தன்னுடையதைக் காட்டினாள், நான் என்னுடையதைக் காட்டினேன். மணிக்கூண்டுக்கு முகமெல்லாம் பல்.

"ரெண்டு மாசமா ஆட்டம் காட்டிச்சே, கடைசியில எப்படிப் பிடிச்சீங்க?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

நான்தான் பிடித்தேன் என்று சொல்லியிருக்கலாம். நாத்தனாரால் வாயைத் திறந்திருக்க முடியாது. திறந்தால் நாற்பத்து மூன்று நாள் ஒளித்து வைத்ததையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஒரே ஒரு பொய், வேலை என் கையில். அவள் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது.

"நான் பிடிக்கல சார். இவ பிடிச்சா. நாப்பத்தி மூணு நாளைக்கு முன்னாடியே பிடிச்சு, யார்கிட்டயும் சொல்லாம வச்சிருந்தா. தேதி போட்டு எழுதியே வச்சிருக்கா, வேணும்னா பாருங்க."

உத்தமி வேஷம் போடுவதற்காகச் சொல்லவில்லை. எல்லார் முன்னாலும் அவளை மாட்டிவிடத்தான் சொன்னேன். தலைகுனியட்டும் என்றுதான் சொன்னேன். மணிக்கூண்டு அந்தக் குறிப்பைத் திறந்து இரண்டு தடவை படித்தார். நிர்வாகத்து அம்மாளிடம் குசுகுசுத்தார். எங்களை வெளியே இருக்கச் சொன்னார். நாங்கள் நடைவழியில் இரண்டு முனையில் நின்றோம்.

கால் மணி நேரம் கழித்து என்னை மட்டும் கூப்பிட்டார்.

"நீங்க நேர்மையா சொன்னதுக்கு நன்றி. ஆனா தப்பு உங்க கோட்ல இருந்திருக்கு, கண்டுபிடிச்சது அவங்க. அத நான் தாண்டிப் போக முடியாது. ஏன் சொல்லலைங்கறது உங்க குடும்ப விஷயம், அதுக்குள்ள நான் வரல. மாசக் கடைசிக்குள்ள பொறுப்பை அவங்ககிட்ட ஒப்படைச்சிடுங்க." அப்புறம் சுவரைப் பார்த்தார். "மணி என்ன ஆச்சு?"

நேராக வீட்டுக்கு வந்தேன். நாலு மணிக்குக் கணவர் வந்தார். வழக்கமாக ஏழு ஆகும். அவரைப் பார்த்ததும் அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை வந்துவிட்டது. அவருடைய சட்டையில் முகத்தை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் தங்கை என்றுகூடப் பார்க்காமல் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். என்னோடு சேர்ந்து இவரும் கொதிப்பார், இப்போதே அவளுக்கு ஃபோன் போட்டு நாலு கேள்வி கேட்பார் என்று எதிர்பார்த்தேன்.

என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். "பரவால்ல விடு" என்றார்.

அவர் குரலில் ஆச்சரியம் இல்லை. நாற்பத்து மூன்று நாள் என்று சொன்னபோதும் இல்லை. நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

என் முதுகிலிருந்த கையை எடுத்தார். பொய் சொல்ல நினைத்து, முடியாமல் விட்டுவிட்டார் என்று தோன்றியது.

"ஒரு ஞாயித்துக்கிழமை அவ வந்தா. நீ குளிச்சிட்டிருந்த. கண்டுபிடிச்சிட்டேன், அண்ணிகிட்ட சொல்லத்தான் வந்தேன்னு சொன்னா. நான்தான் சொல்லாதன்னு திருப்பி அனுப்பிட்டேன்."

அவள் சொல்லத்தான் வந்திருக்கிறாள். மாடிப்படியில் அண்ணனைக் காட்டிக் கொடுக்காமல் பழி முழுவதையும் தன் தலையில் வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறாள். நான் ஒன்றும் தெரியாமல் அவளை அத்தனை பேர் முன்னால் இழுத்துப் போட்டேன். இவரோ ஒவ்வொரு காலையும் என் பக்கத்தில் உட்கார்ந்து, எத்தனையாவது ஃபைல் என்று கேட்டுக் கழுத்தைப் பிடித்துவிட்டிருக்கிறார். ஓடிவிடுமோ என்ற பயத்தில் கேட்டிருக்கிறார். எழுந்து தள்ளி நின்றுகொண்டேன்.

"ஏன்?"

"யோசிச்சுப் பாரு. உனக்கு நான் இருக்கேன். அவளுக்கு யாரு இருக்கா?" நியாயம் சொல்லும் குரல், வாடிக்கையாளருக்கு மாத்திரை எப்போது சாப்பிடவேண்டும் என்று சொல்லும் அதே குரல். "நீ கெட்டிக்காரி. எங்க போனாலும் பொழைச்சுக்குவ. அவளால முடியாது. அத நெனச்சுத்தான் செஞ்சேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலையா?"

"கேட்டா நீ ஒத்துக்க மாட்ட."

அண்ணனும் தங்கையும் ஒரே கேள்விக்கு ஒரே பதிலை வைத்திருந்தார்கள். இருவருக்கும் என்னை நன்றாகத் தெரிந்திருந்தது. தெரிந்து வைத்துக்கொண்டுதான் இப்படிச் செய்தார்கள்.

"அவகிட்ட சண்டை கிண்டை போட்டுடாத" என்றார். "நாளைக்கு மத்தியானம் பாப்பாவோட சாப்பிட வரச் சொல்லியிருக்கேன். வேலை கெடச்சிருக்குல்ல. எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டா சரியாயிடும்."

கூட்டம் பன்னிரண்டு மணிக்கு. முடிவை நான் இவரிடம் சொன்னது நாலு மணிக்கு மேல். அதற்குள் விருந்துக்கே அழைத்தாகிவிட்டது.

"சமைச்சு வச்சிடுங்க" என்றேன். "நான் இருக்க மாட்டேன்."

படுக்கையறைக்குப் போய்ப் பெட்டியை இறக்கினேன். அவர் பின்னாலேயே வந்து கதவருகில் நின்றார்.

"இந்த நேரத்துல எங்க போவ?"

"எங்க போனாலும் பொழைச்சுக்குவேன்னு நீங்கதானே சொன்னீங்க."